மன்னாரிலிருந்து இயற்கை மருத்துவத்துக்கும் அக்குபஞ்சருக்கும் போகும் வழி

பேசாலையிலோ வங்காலையிலோ உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை "இயற்கை மருத்துவமும் அக்குபஞ்சரும் படிக்கப்போகிறேன்" என்று சொன்னால், எந்த வகுப்பில் சேர்வது என்பதைவிட எந்தப் பதிவின் கீழ் வைத்தியம் பார்ப்பது என்பதை வீட்டில் முதலில் பேச வேண்டும். 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் ஆயுர்வேதத்தோடு சித்தம், யுனானி, சுதேச வைத்தியம் ஆகியனவும் வருகின்றன. வேறோர் ஆசிய நாட்டின் சுதேச மருத்துவத்தை அந்நாட்டு அரசு ஏற்றிருந்தால், அதற்கும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு. இவற்றில் வைத்தியம் பார்க்க ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவு வேண்டும்.

ஆகவே என் முதல் பரிந்துரை சித்த மருத்துவப் பட்டம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1984 இல் தொடங்கிய சித்த மருத்துவப் பிரிவு கைதடியில் இருக்கிறது. மன்னாரிலிருந்து பூநகரி வழியாகப் போய்விடலாம். திருகோணமலை வளாகத்திலும் இப்பட்டம் உண்டு. உயிரியல் பிரிவில் நல்ல புள்ளி வேண்டும். ஐந்து ஆண்டுப் படிப்பு, பிறகு ஓராண்டு உள்ளகப் பயிற்சி. உடற்கூறும் நோயறிதலும் கைவந்தபின் ஊசியைப் படிப்பவருக்கு, எங்கே குத்தக்கூடாது என்பது தெரிந்திருக்கும்.

இரண்டாவது வழி தமிழ்நாடு. சென்னை அரும்பாக்கத்தில் 2000 இல் தொடங்கிய அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி உள்ளது. அங்கே நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும். நீர்ச் சிகிச்சை, மண் சிகிச்சை, உபவாசம், யோகா, உணவு, அக்குபஞ்சர் எல்லாம் ஒரே பட்டத்துக்குள் அடங்கும். ஆசைப்பட்ட பிள்ளைக்கு இதுதான் நேரான படிப்பு. ஆனால் ஊர் திரும்பியபின் பதிவு கிடைக்குமா என்பதை ஆயுர்வேத மருத்துவ சபையிடம் எழுத்தில் கேட்டு, பதில் வந்தபின் கட்டணம் கட்டுங்கள்.

அக்குபஞ்சருக்கென்று சில வாரங்களில் முடியும் வகுப்புகளும் இருக்கின்றன. களுபோவில வைத்தியசாலையில் அக்குபஞ்சர் சிகிச்சை நடத்திய அன்டன் ஜயசூரிய ஆங்கில மருத்துவர். அவரிடம் பயில வெளிநாட்டினர் கொழும்புக்கு வந்தார்கள். ஆனால் அவரைப்போல் மருத்துவர் அல்லாத ஒருவர் அக்குபஞ்சர் செய்ய 2500 மணிநேரப் பயிற்சி தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 1999 இல் வழிகாட்டியது. வார இறுதிச் சான்றிதழ் ஒன்றைச் சுவரில் மாட்டுவதற்கு முன் அந்த எண்ணை நினைத்துப் பாருங்கள். தோளிலும் மேல்முதுகிலும் ஊசி ஆழமாகப் போனால் நுரையீரல் உறை கிழிந்து காற்று புகும். ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவருக்கு எடுக்கவே கூடாது.

படித்து முடித்து ஊரில் இருந்தால் யார் வருவார்கள்? கரைவலை இழுத்து இடுப்பு பிடித்தவர்கள், முழங்கால் தேய்ந்த அம்மாமார், தலையிடிக்காரர். நாட்பட்ட வலிக்கு ஊசி ஓரளவு ஆறுதல் தருவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த ஆறுதல் அவர்களுக்குக் கிடைக்கவேண்டும் என்பதே என் ஆசை. நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவரை உபவாசம் இருக்கச் சொல்வது வேறு கதை. மருந்தளவை அவருடைய வைத்தியர் மாற்றாமல் சாப்பாட்டை நிறுத்தினால் சர்க்கரை விழுந்து மயங்கிவிடுவார்.

இந்தக் கரைக்கே உரிய ஒரு கேள்வியையும் பழகிக்கொள்ள வேண்டும். தோள் வலிக்கிறது, முழங்கை குடைகிறது என்று ஒரு இளைஞன் வந்தால், "சங்குக்கோ கடலட்டைக்கோ சிலிண்டரோடு இறங்கினாயா தம்பி, எப்போது?" என்று கேளுங்கள். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வரும்போது இரத்தத்தில் கரைந்திருந்த நைதரசன் குமிழாகி மூட்டிலும் முள்ளந்தண்டிலும் தங்கும். அந்த வலியை ஊசியால் அடக்கினால் நேரம் போய்விடும். கால்கள் மரத்து நடக்க முடியாமலும் ஆகலாம். அவனைப் படுக்கவைத்து உடனே மன்னார் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். ஒட்சிசன் வேண்டும், அதன்பின் அழுத்த அறைச் சிகிச்சையும் தேவைப்படலாம். எத்தனை பாகம் இறங்கினான், எத்தனை தரம் இறங்கினான், எத்தனை மணிக்கு ஏறினான் என்பதை ஒரு துண்டில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.