கிரேக்க ஈமச் சிற்பங்களில் துயரம்: அமைதியின் சமூக அடிப்படை

பண்டைய கிரேக்கக் கலையின் சிறப்பு அதன் அமைதியே என்னும் கருத்து, ஜேர்மானிய அறிஞர் விங்கெல்மான் 1755 இல் வெளியிட்ட நூலின் வழியே ஐரோப்பியக் கலை வரலாற்றில் வேரூன்றியது. ஏதென்ஸ் நகரத்துக் கல்லறைப் புடைப்புச் சிற்பங்களும் அதற்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. எனினும் இவ்வமைதியைக் கிரேக்கரின் பிறவிக் குணமாகக் கொள்ளுதல் பொருந்துமா என நாம் ஆராய்தல் வேண்டும்.

கி.மு. எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஏதென்ஸ் இடுகாட்டிற் கல்லறை அடையாளமாக நிறுத்தப்பட்ட டிப்பிலோன் மட்கலத்தில், பிணத்தைச் சூழ்ந்து நிற்போர் தலையிற் கைவைத்துப் புலம்புகின்றனர். துயரம் அங்கு கூட்டுச் செயலாகும். உயர்குடியினரின் ஈமச் சடங்குகள் குலவலிமையைப் பறைசாற்றும் நிகழ்ச்சிகளாகவும் இருந்தன. கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சோலோன் இயற்றியனவாகக் கூறப்படும் சட்டங்கள், உடலைக் கீறிக்கொள்வதையும் ஒப்பாரியையும் தடைசெய்தன. ஆகவே அடக்கம் என்பது இயல்பாக முகிழ்த்ததன்று. நகர அரசு விதித்த ஒழுங்காகும்.

ஏறத்தாழ கி.மு. 430 முதல் ஏதென்ஸிற் பெருகிய கல்லறைக் கற்களில் இவ்வொழுங்கே உருவம் பெறுகின்றது. ஹெகெசோவின் கல்லில், அமர்ந்திருக்கும் தலைவியின் முன் பணிப்பெண் பேழையை ஏந்தி நிற்கிறாள். தலைவியின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது, பணிப்பெண்ணுக்குப் பெயரில்லை. கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த இலிசோஸ் கல்லில், இறந்த இளைஞன் சலனமின்றி நம்மை நோக்குகிறான். முதிய தந்தை மோவாயிற் கைவைத்து அவனைப் பார்க்கிறார். பணியாளெனக் கருதப்படும் சிறுவனே காலடியிற் சுருண்டு தலை கவிழ்ந்திருக்கிறான். குடிமகனின் உடல் நிமிர்ந்திருக்க, துயரின் பாரத்தைச் சுமப்பது சிறுவனின் உடலே.

ஆயினும் இச்சிற்பங்களை வர்க்க ஒழுக்கத்தின் வெறும் பிரதிபலிப்பாகக் கொள்வது இயந்திரப் பாங்கான விளக்கமாகிவிடும். அம்ஃபரெத்தேயின் கல்லில் மூதாட்டி குழந்தையொன்றை அமைதியாக ஏந்தியிருக்கிறாள். மகளின் பிள்ளையை உயிரோடிருக்கையில் மடியில் வைத்திருந்த தான், இறந்தபின் இறந்த அப்பிள்ளையையே ஏந்தியிருப்பதாக அவள் கூற்றிலமைந்த கல்வெட்டு உரைக்கிறது. முகம் மறைத்ததைச் சொல் வெளியிடுகின்றது.

கி.மு. 317 இல் அதிகாரம் பெற்ற பலேரோன் நகர டெமெத்ரியோஸ் ஆடம்பரக் கல்லறைகளைச் சட்டத்தாற் கட்டுப்படுத்தியதோடு இம்மரபு முடிவுற்றது. யார் அழலாம், எவ்வாறு அழலாம், எவர் துயர் கல்லில் நிலைபெறலாம் என்பனவும் அதிகாரம் பற்றிய வினாக்களே. இவற்றை ஒதுக்கி அமைதியை மட்டும் வியப்போர், காலடியிற் கிடக்கும் சிறுவனைக் காணத் தவறுவர்.