கூடும் ஆவியும் – 6: மூலனின் உடம்பில் யார்?

மசமுனே ஷிரோவின் 1989ஆம் ஆண்டுப் படக்கதையையும் மமோரு ஓஷீயின் 1995ஆம் ஆண்டுத் திரைப்படத்தையும் சென்ற வாரம் பார்த்தோம். அதே உலகத்தை வைத்து 2002இல் கென்ஜி கமியாமா இயக்கிய 26 பகுதித் தொலைக்காட்சித் தொடர்தான் 'கோஸ்ட் இன் த ஷெல்: ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்'. நாயகி மோட்டோகோ குசனாகிக்கு மூளையைத் தவிர உடம்பு முழுவதும் தொழிற்சாலையில் செய்தது. ஆனாலும் உள்ளே ஓர் ஆவி, அவர்கள் சொல்கிற 'கோஸ்ட்', இருப்பதால் அவள் மனுஷி. டச்சிகோமா என்ற சிலந்தி வடிவப் பேசும் டாங்கிகளுக்கு அது இல்லாததால் அவை இயந்திரங்கள். ரசிகர்களில் பெரும்பாலோர் இந்தக் கணக்கை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள்: உடம்பு சட்டை மாதிரி, ஆள் உள்ளே இருக்கிறார். கதாபாத்திரங்கள் வாயால் சொல்வதை விட்டுவிட்டு அவர்கள் செய்வதைக் கவனித்தால், தொடருக்கே இந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை என்று தெரியும். பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

பெரியபுராணத்தில் வரும் திருமூலர் கதை நமக்குத் தெரிந்ததுதான். அகத்தியரைக் காணக் கயிலையிலிருந்து தெற்கே வந்த யோகி, ஆவடுதுறைக்குப் பக்கத்தில், சாத்தனூர் இடையன் மூலன் இறந்துகிடப்பதையும் பசுக்கள் அவன் உடம்பைச் சுற்றிக் கதறுவதையும் பார்க்கிறார். தன் உடம்பைப் பத்திரமாக ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலன் உடம்புக்குள் நுழைகிறார். மாடுகளை ஓட்டிக்கொண்டு போய் வீடு சேர்த்துவிட்டுத் திரும்பி வந்தால் பழைய உடம்பைக் காணவில்லை. ஆவிதான் ஆள் என்றால் அதற்குப் பிறகு வாழ்ந்தவர் அந்தக் கயிலை யோகி. மூலன் செத்தவன் செத்தவன்தான். ஆனால் உலகம் அவரை எந்தப் பெயரால் அழைத்தது? உடம்புக்கு உரிய பெயரால். திருமந்திரம் திருமூலர் பாடியது என்றுதான் இன்றும் சொல்கிறோம். கூடுவிட்டுக் கூடு பாய்ந்தவருக்கு, பாய்ந்த கூட்டின் பெயரே நிலைத்துவிட்டது. முதலில் அவரை அந்த உடம்புக்குள் இழுத்ததும் தத்துவ ஆராய்ச்சி அல்ல, மாடுகளின் அழுகை.

குசனாகியின் கையில் ஒரு பழைய கைக்கடிகாரம் இருக்கிறது. நேரத்தை உள்ளுக்குள்ளேயே அறிந்துகொள்ளும் உடம்புக்கு அது எதற்கு? அவளுடைய சகா பாட்டோ உடற்பயிற்சிக் கருவிகளாக வாங்கிக் குவிக்கிறான். அவனுக்கு வளர்க்கத் தசையே கிடையாது. ஆவி மட்டும் போதும் என்று நம்புகிறவர்கள் இப்படி வெளியே எதையாவது பிடித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். டச்சிகோமாக்களின் கதை இன்னும் அழுத்தமானது. அவை தங்கள் அனுபவங்களை ஒன்றோடொன்று இணைத்துச் சரிசெய்துகொள்கின்றன. ஒன்றுக்குத் தெரிந்தது எல்லாவற்றுக்கும் தெரியும். நினைவுத் தொடர்ச்சியே அடையாளம் என்றால் அவை அத்தனையும் சேர்ந்து ஓர் ஆள்தான். ஆனால் பாட்டோ தனக்குப் பிடித்த ஒன்றுக்கு மட்டும் இயற்கை எண்ணெய் ஊற்றுகிறான். அவற்றிடம் வேறுபாடு முளைக்கிறது. ஆயுதத்துக்குத் தனிக்குணம் ஆகாது என்று குசனாகி அவற்றைப் பணியிலிருந்து விலக்குகிறாள். கடைசியில், முதியோர் இல்லத்திலும் கட்டட வேலையிலும் கிடந்தவை உட்பட மிஞ்சிய மூன்றும் பாட்டோவைக் காப்பாற்ற வந்து அழிந்துபோகின்றன. வேறுபாட்டுக்குக் காரணம் எண்ணெயின் வேதியியல்தான் என்று ஒருவர் சொல்லலாம். இருக்கட்டும், ஒன்றுக்கு மட்டும் ஊற்றத் தோன்றியதே, அது எந்த வேதியியல்?

ஆக, ஒருவர் யார் என்பது அவருக்குள் மட்டும் இல்லை. அவர்மேல் பிறருக்கு இருக்கும் உரிமையிலும் பிறர்மேல் அவருக்கு இருக்கும் கடனிலும் இருக்கிறது. இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பிறர் ஏற்பதுதான் அடையாளம் என்றால், வேடம் போட்டவனெல்லாம் வேடத்துக்குரியவன் ஆகிவிட மாட்டானா? இதற்குப் பதில் நம் நடுநாட்டிலேயே இருக்கிறது. முகையூரிலிருந்து மேற்கே போனால் வரும் திருக்கோவலூரில் ஆண்டவர் மெய்ப்பொருள் நாயனார். போரில் அவரை வெல்ல முடியாத முத்தநாதன் திருநீறு பூசி, சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்து வந்து அவரைக் குத்துகிறான். வெட்ட ஓடிவந்த காவலன் தத்தனைத் தடுத்து, அவனைப் பத்திரமாக ஊருக்கு வெளியே கொண்டுபோய்விடச் சொல்கிறார் மன்னர். தத்தனும் கொதித்து நின்ற கூட்டத்தை விலக்கி அப்படியே செய்கிறான். திருநீறு முத்தநாதனை அடியாராக்கவில்லை. சேக்கிழாரும் அவன் மனத்தின் கறுப்பை ஒளிக்கவில்லை. அந்த வேடம் கட்டிப்போட்டது மெய்ப்பொருளாரை. பிறரை ஏற்பது ஏற்றவரை உருவாக்குகிறது. ஏற்கப்பட்டவனுக்கு அது உரிமைச் சீட்டு ஆகிவிடாது. புராணத்தைக் கொண்டு மின்மூளையை அளக்கலாமா என்றால், மின்மூளையும் இன்றுவரை கதைதானே! இரண்டும் ஒரே கேள்வியைச் சோதித்துப் பார்க்கும் கற்பனைகள்.

என் வாதத்துக்கு உண்மையில் இடிக்கிற இடம் வேறு. பொழுது சாய்ந்தும் கணவன் வரவில்லையே என்று தேடி வந்தாள் மூலனின் மனைவி. உனக்கும் எனக்கும் உறவில்லை என்றார் அவர். அவள் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிட்டாள். அவர்கள் அவரைப் பார்த்துவிட்டு, இவர் யோகநிலையில் இருக்கிறார், இனி உனக்குத் திரும்ப மாட்டார் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த உடம்பின்மேல் அவளைவிட உரிமை உள்ளவர் யாரும் இல்லை. மாடுகளின் அழுகைக்கு இரங்கியவர் அவள் அழுகைக்கு இரங்கவில்லை. சேக்கிழார் இந்த இடத்தில் அதிகம் நிற்பதில்லை. கூட்டின் பெயர் யோகிக்குப் போய்விட்டது. அவள் பெயரைப் புராணம் சொல்லவே இல்லை.