கைப்பேசிக் கடையில் கேழ்வரகு வாங்குதல்

பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியும், இடுக்கி மாவட்டத்து மறையூர், வட்டவடைப் பகுதிகளும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மலைநாடுகளாகும். அட்டப்பாடியில் கேழ்வரகும் சாமையும் தினையும் ஒரு காலத்தில் அன்றாட ஆகாரமாயிருந்தன. பிற்காலத்தில் பங்கீட்டுக் கடை அரிசி அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 2013-ஆம் ஆண்டில் அங்கு ஊட்டக்குறைவையொட்டி நேர்ந்த சிசு மரணங்கள் நாடெங்கும் கவலையை உண்டாக்கின. 2017-இல் கேரள அரசு அங்கே சிறுதானியக் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியிலோ சுமார் 10 மில்லிகிராமே.

இப்பொழுது மளிகைப் பொருள்களைக் கைப்பேசி வழியே தருவிக்கும் வழக்கம் பரவி வருகிறது. கேழ்வரகு என்று தேடினால் தானியமும் மாவும் மட்டுமன்றி, கேழ்வரகுப் பெயர் தாங்கிய பிஸ்கோத்து, நூடுல்ஸ், பானப்பொடி ஆகியவையும் திரையில் தோன்றும். முதலில் தோன்றுவதே சிறந்தது என்று எண்ணலாகாது. விளம்பரக் கட்டணம் பெற்றுச் சில பொருள்களை முன்வரிசையில் வைப்பதுண்டு. பிரிவின் பெயரையும் நம்புவதற்கில்லை. பால், தானியம், மால்ட் கலந்த பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்ற பிரிவில் வைத்து விற்கலாகாதென்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 ஏப்ரலில் இணைய வணிகர்களுக்கு அறிவித்தது. அப்பெயருக்குச் சட்டத்தில் வரையறையே கிடையாது!

ஆகவே பார்க்க வேண்டியது பொட்டலத்தின் பின்புறப் படத்தையே. அதிலுள்ள சேர்மானப் பட்டியல் எடை மிகுந்த பொருளிலிருந்து தொடங்கும். மைதாவும் சர்க்கரையும் முன்னே நின்று, கேழ்வரகு பின்னே வருமாயின், அது பெயரளவில் மட்டுமே கேழ்வரகுப் பண்டம். அடுத்து, ‘ஒரு வேளைக்கு’ என்ற சிறிய எண்களை விடுத்து, 100 கிராமுக்குரிய எண்களையே ஒப்பிடுதல் வேண்டும். உப்பின் அளவு பெரும்பாலும் சோடியமாகக் குறிக்கப்படுவதால் பலர் ஏமாந்துவிடுகின்றனர். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 800 மில்லிகிராம் சோடியம் என்பது 2 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் வயது வந்தோர்க்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பைப் பரிந்துரைக்கிறது. பின்புறப் படமே காட்டப்படாத பொருளை வாங்காதிருத்தல் நலம்.

பக்கத்து ஊர்க் குடியானவர் விளைவித்த கேழ்வரகு கைப்பேசியில் தோன்றாமலே போகலாம் என்பதையும் ஊழியர்கள் தாய்மாருக்கு எடுத்துரைக்கலாம். ஆசிரியர்கள், மாணவர் வீட்டிலிருந்து வெற்றுப் பொட்டலங்களைக் கொணரச் செய்து, மேற்சொன்ன பெருக்கலையே கணக்குப் பாடமாக அமைக்கலாம். மறுநாள் வீட்டில் பொருள் தருவிக்கும்பொழுது திரையைப் பெரிதாக்கிக் காட்டும் பொறுப்பைப் பிள்ளைகளே ஏற்றுக்கொள்வர்.