கலியாண வீடியோவை யாரிடம் ஒப்படைப்பது?

மண்டபம், ஐயர், மேளம், சமையல், மணவறைச் சோடனை எல்லாம் பேசி முடித்த பின்னர்தான் பெரும்பாலான கலியாண வீடுகளில் வீடியோவின் நினைவு வருகிறது. அதற்குள் கையிருப்புக் கரைந்திருக்கும். கோடைகாலச் சனிக்கிழமைகளுக்கு நல்ல கமெராக்காரர்களை வேறு வீட்டார் எப்போதோ பேசிவைத்திருப்பர். மிஞ்சியவரைப் பிடித்து வேலையை ஒப்படைத்துவிட்டு, பிறகு வருடக்கணக்காகக் குறை சொல்லிக்கொண்டிருப்பது நம்மவர்க்குப் பழகிப்போன காரியம்.

டென்மார்க்கில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கலியாண வீடியோ வெறும் ஆடம்பரமாகத் தொடங்கியதன்று. 1980களில் இங்கு வந்து சேர்ந்த இளைஞர்கள் மணஞ்செய்தபோது, அவர்களுள் பலரது தாய் தகப்பன் ஊரில் இருந்தனர். மூன்று மணித்தியாலம் ஓடும் ஈ-180 வீ.எச்.எஸ். நாடாவில் கலியாணத்தைப் பதிந்து, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். 1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டுகளில், மண்ணெண்ணெய் தேடி, ஜெனரேற்றர் பிடித்து, அயலட்டையையும் கூட்டி வைத்து மகனின் தாலிகட்டைப் பார்த்த தாய்மார் உண்டு. அந்தப் படங்களில் ஒளி மங்கல், கமெரா ஆடும், பந்தியில் சோறு பரிமாறுவது அரைமணி நேரம் ஓடும். ஆனாலும் யார் வந்தார், யார் ஆசீர்வதித்தார், ஐயர் என்ன செய்தார் என்பதெல்லாம் நடந்தபடியே இருந்தன.

இன்று கதை வேறு. இளம் தம்பதியர் விரும்புவது ஐந்து நிமிடப் படம்; மெதுவாக அசையும் கூந்தல், பின்னணியில் சினிமாப் பாட்டு. பெற்றோர் கேட்பதோ முழுக் கலியாணம். இந்த வேறுபாட்டை வீட்டுக்குள் பேசித் தீர்க்காமல் கமெராக்காரரிடம் போனால் இரண்டு பக்கமும் ஏமாற வேண்டியதுதான். சிறிய படம்தானே, மலிவாக இருக்கும் என்று எண்ணுவதும் தவறு. எடுப்பதற்கு ஒருநாள் போதும். வெட்டி ஒட்டி இசை சேர்த்து நிறம் திருத்தப் பலநாட்கள் செல்லும், கூலியும் அங்கேதான் ஏறுகிறது. கையில் காசு குறைவென்றால், கிரியை முழுவதையும் வெட்டாமல் ஒரு பதிவாகவும், அதிலிருந்தே சிறு தொகுப்பு ஒன்றையும் கேட்பது புத்தியான வழி.

மாதிரிப் படம் பார்க்கும்போது அவர்கள் தாமாகத் தெரிந்தெடுத்துக் காட்டும் அழகான துண்டோடு நின்றுவிடக்கூடாது. அண்மையில் எடுத்த ஒரு கலியாணத்தை, அந்த வீட்டாரின் சம்மதத்துடன், முழுமையாகக் காட்டும்படி கேட்க வேண்டும். கன்னிகாதானம், கூறை கொடுத்தல், தாலிகட்டு, அம்மி மிதித்தல், அருந்ததி காட்டல், அறுகரிசி இடுதல் என்ற ஒழுங்கு கமெராக்காரருக்குத் தெரிந்திருக்கிறதா என்பது அதில் வெளித்துவிடும். டெனிஷ்காரரை அமர்த்தினாலும் குற்றமில்லை. தொழில் சுத்தமாக இருக்கும். ஆனால் கெட்டிமேளம் எதற்கு முழங்குகிறது என்று அவருக்கு யாரும் சொல்லாவிட்டால், அந்த நேரம் பார்த்து மேளகாரரைப் படமெடுத்துக்கொண்டு நிற்பார். கிரியை ஒழுங்கை டெனிஷில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, விஷயம் தெரிந்த ஒருவரை அவர் பக்கத்தில் நிறுத்துவது நல்லது.

தாலி கட்டும் வேளையில் சபையோர் காண்பது மாப்பிள்ளையையா, கமெராக்காரரின் முதுகையா என்று கேட்கத் தோன்றும் கலியாணங்கள் பல. அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு எட்டியெட்டிப் பார்த்து, கடைசியில் முன்னால் நிற்பவரின் சட்டையில் எறிந்துவிட்டு இருக்கும் முதியோர் பாவம். எவ்விடத்தில் நிற்பது என்பதை முதல்நாளே ஐயருடன் சேர்ந்து பேசிக்கொள்ள வேண்டும். ஹேர்னிங் விநாயகர் சந்நிதியிலோ பிறண்டா அபிராமி அம்மன் சந்நிதியிலோ வைபவம் வைப்பவர்கள், எதைப் படமெடுக்கலாம், எதை எடுக்கலாகாது என்று கோயிலாரிடம் முன்கூட்டியே கேட்டறிவது முறை.

ஒளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிசம்பரில் இங்கே பிற்பகல் நான்கு மணிக்குள் பொழுது பட்டுவிடும். வெளியில் நின்று எடுக்கும் படங்களை மதியத்தோடு முடித்துவிட வேண்டும். ஐரோப்பிய மின்சாரம் வினாடிக்கு 50 சுற்றுடையது. கமெராவை அமெரிக்க வழக்கப்படி 60க்கு வைத்து எடுத்தால், மணவறையின் எல்.ஈ.டி. விளக்குகள் படத்தில் துடிக்கக்கூடும். 25 அல்லது 50 படச்சட்டம் வைத்து எடுப்பீர்களா என்று கேட்டால், தொழில் தெரிந்தவர் உடனே விளங்கிக்கொள்வார்.

ஒலியை யாருமே கேட்பதில்லை. ஐயரின் மந்திரமும் நாதஸ்வரமும் அம்மம்மாவின் ஆசி வார்த்தையும் தெளிவாகக் கேட்க வேண்டுமானால் தனி மைக் வேண்டும். கமெராவில் உள்ள மைக் மண்டபத்து இரைச்சலைத்தான் பிடிக்கும். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் ட்ரோனை விடலாம். அதை இயக்குபவர் பதிவு செய்திருக்க வேண்டும், கூடிநிற்கும் சனத்தின் மேலாகப் பறக்கவிடவும் சட்டம் இடந்தராது. இரண்டாவது கமெராவையும் மைக்கையும் மட்டும் குறைக்கக்கூடாது.

"தெரிந்த பொடியன், வடிவாகச் செய்து தருவான்" என்ற பேச்சில் அன்பு உண்டு, எழுத்து இல்லை. எத்தனை மணிக்கு வருவார், எத்தனை பேர், எத்தனை மாதத்தில் தருவார், வெட்டாத பதிவும் கிடைக்குமா, அவர் நோயில் விழுந்தால் யார் வருவார் என்பவற்றை எழுதி இருவரும் ஒப்பமிட வேண்டும். சொன்ன விலையில் 25 வீத மொம்ஸ் அடங்குமா என்பதையும் கேட்க வேண்டும். 8,000 குரோனருக்கு மேற்பட்ட கூலியை ரொக்கமாகக் கொடுத்து, அவர் வரி கட்டாதுவிட்டால், கொடுத்தவரும் பொறுப்பாளியாகலாம். வங்கி மூலம் செலுத்திப் பற்றுச்சீட்டை வாங்கி வைப்பதே பாதுகாப்பு.

ஊரில் இருப்பவர்க்கு நேரடியாகக் காட்டுவதானால் மண்டபத்தின் இணையத் தொடர்பை முன்னரே சோதித்தல் வேண்டும். கோடையில் இலங்கை நேரம் மூன்றரை மணித்தியாலம் முந்தியது, குளிர்காலத்தில் நாலரை. காலை பதினொரு மணி முகூர்த்தம் யூலையில் என்றால், அங்கே பிற்பகல் இரண்டரைக்குப் பெரியவர்கள் திரைக்கு முன் இருக்க வேண்டும். அழைப்பிதழிலேயே இரு நேரத்தையும் போட்டுவிட்டால் குழப்பமில்லை.

இனி, அலுமாரியில் கிடக்கும் பழைய நாடாக்கள். வீ.எச்.எஸ். இயந்திரங்களைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானின் பூனாய் நிறுவனம் 2016 யூலையில் அதை நிறுத்திவிட்டது. இயங்கும் இயந்திரங்கள் குறைந்துவருகின்றன. நாடாவும் காலத்தோடு கெடுகிறது. மகளின் கலியாணத்துக்கு ஆள் பேசும்போதே தாய் தகப்பனின் கலியாண நாடாவையும் கோப்பாக மாற்றித் தருவாரா என்று கேட்டுவிடலாம். இரண்டு கலியாணமும் ஒரே தட்டில் இருக்கட்டும். அதன் ஒரு பிரதி மணமக்கள் வீட்டிலும் மற்றொன்று பெற்றோர் வீட்டிலும்.