தலைவலிக்குப் பயந்து மாத்திரையை விடலாமா?



பேரணாம்பட்டில் ஈரத்தோல் சுமக்கும் தொழிலாளர்களும், படியேறும் முதியவர்களும் "மாரில் வாயு பிடித்துவிட்டது" என்று சொல்லும் வலி, சில வேளைகளில் ஆஞ்சைனா என்னும் இதயவலியாய் இருப்பதுண்டு. இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் கொழுப்புப் படிந்து குறுகும்போது, உழைக்கும் நேரத்தில் போதிய பிராணவாயு கிடைப்பதில்லை. நெஞ்சு இறுகுகிறது, ஓய்ந்து உட்கார்ந்தால் தணிகிறது.

இதற்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை தருகிறார்கள். வைத்தவுடன் தலை தெறிக்கிறது. "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று சிலர் அதை விட்டுவிடுவதை நோயாளிகளின் படுக்கையருகே நாங்கள் அடிக்கடி கேட்கிறோம்.

இம்மாத்திரை உடலில் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை உண்டாக்கி, இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. இதயத்தின் சுமை குறைகிறது. தலையிலுள்ள குழாய்களும் கூடவே விரிவதால்தான் தலைவலி. முற்காலத்தில், இதே வகையைச் சேர்ந்த நைட்ரோகிளிசரினைக் கையாண்ட வெடிமருந்துத் தொழிலாளருக்கு, ஞாயிறு ஓய்வுக்குப்பின் திங்கட்கிழமையில் தலைவலி வரும். அடுத்த நாட்களில் உடல் பழகிவிடும். டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்பிரட் நோபெலுக்கே, 1896-இல் இதயநோய்க்கு மருத்துவர்கள் நைட்ரோகிளிசரினை எழுதிக்கொடுத்தார்கள். நைட்ரிக் ஆக்சைடின் இச்செயலைக் கண்டறிந்த மூவர் 1998-இல் நோபெல் பரிசு பெற்றார்கள்.

ஆகவே தலைவலி, மருந்து வேலைசெய்வதன் அடையாளம். ஆனாலும் எச்சரிக்கை தேவை. இரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம். உட்கார்ந்துகொண்டே மாத்திரையை வையுங்கள். ஐந்து நிமிடத்தில் வலி தணியாவிட்டால் 108-ஐ அழையுங்கள். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லவேண்டும். இரண்டும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

மற்ற மருந்துகளும் உண்டு. அட்டினலால், மெட்டோபிரலால் ஆகியவை இதயத் துடிப்பை மெதுவாக்குகின்றன. களைப்பும், கைகால் சில்லிடுதலும் ஏற்படலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் முன்னதாகவே சொல்லவேண்டும். இவற்றைத் திடீரென நிறுத்தினால் வலி கடுமையாகத் திரும்பும், மாரடைப்பும் வரலாம். அம்லோடிபின் கணுக்காலை வீங்கச் செய்யலாம். இரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரின் வயிற்றைப் புண்ணாக்கலாம். மலம் கறுத்தால் தாமதிக்கக் கூடாது.

உங்கள் சபையிலோ வீட்டிலோ யாராவது மாத்திரையைத் தாமாக நிறுத்தியிருந்தால், அன்பாய் எடுத்துச்சொல்லி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அளவைக் குறைக்கவும் மருந்தை மாற்றவும் வழியுண்டு. நிறுத்துவதை மருத்துவரே தீர்மானிக்கட்டும்.