பிராசஸரின் மீட்டரை யார் படிக்கலாம்?

கல்லூரி ஆய்வகம், ஆராய்ச்சி நிறுவனம், வாடகைக்கு எடுத்த பகிர்வு சர்வர் என ஒரே லினக்ஸ் கணினியில் பலர் கணக்கு வைத்திருக்கும் இடங்கள் நிறைய. அங்கெல்லாம் நிர்வாகிகள் பாஸ்வேர்டைக் கவனிப்பார்கள், ஃபயர்வாலைக் கவனிப்பார்கள். பிராசஸருக்குள் இருக்கும் செயல்திறன் எண்ணிகள் யாருக்கெல்லாம் திறந்திருக்கின்றன என்று பார்ப்பவர்கள் குறைவு.

எண்ணிகளின் வேலை

1993-ல் வந்த பென்டியம் காலத்திலிருந்தே இன்டெல் பிராசஸர்களில் இந்த எண்ணிகள் உண்டு. எத்தனை கட்டளைகள் ஓடின, கேஷில் தேடிய தரவு எத்தனை முறை கிடைக்கவில்லை என்பதையெல்லாம் வன்பொருளே எண்ணிக்கொண்டிருக்கும். மென்பொருள் எங்கே மந்தமாகிறது என்று கண்டுபிடிக்க இதைவிடத் துல்லியமான கருவி இல்லை. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் இவற்றைக் கையாளும் ‘பெர்ஃப்’ என்ற பகுதி 2009-ல், 2.6.31 பதிப்பில் சேர்ந்தது.

ஒரு கோரில் எண்ணிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருக்கும். ஆகவே கர்னல் ஒரு நிரலை நிறுத்தி அடுத்ததை ஓட்டும்போது எண்ணிகளும் கைமாறுகின்றன. பக்கத்து வீட்டு மின்மீட்டரைத் தொடர்ந்து பார்ப்பவனுக்கு அங்கே எப்போது ஆள் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும் அல்லவா? எண்ணிகளின் கணக்கும் அப்படித்தான். இன்னொருவர் நிரலின் போக்கை அது ஊகிக்கவிடும்.

ஆபத்து ஒன்று: மிச்சம் வைத்த கணக்கு

ஒரு நிரல் நகர்ந்ததும் அதன் எண்ணிக்கையைக் கர்னல் துடைத்துவிட வேண்டும். வெகுநாள் அது நடக்கவில்லை. எண்ணி நிறுத்தப்படும், ஆனால் அதிலிருந்த எண் அப்படியே கிடக்கும். எக்ஸ்86 பிராசஸர்களில் ‘ஆர்டிபிஎம்சி’ என்ற கட்டளை, கர்னலைக் கேட்காமலே எண்ணியை நேரடியாகப் படிக்கக்கூடியது. அந்த அனுமதி பெற்ற நிரல், தனக்கு ஒதுக்காத எண்ணிகளில் முந்தைய நிரல் விட்டுப்போன கணக்கையும் பார்த்துவிட முடிந்தது. 2021-ல் இதற்குத் திருத்தம் வந்தது. ஆர்டிபிஎம்சி பயன்படுத்தும் நிரல் ஓடத் தொடங்கும் முன், அதற்குச் சொந்தமில்லாத, பழைய கணக்கு மிச்சமிருக்கும் எண்ணிகளைக் கர்னல் சுழியமாக்கிவிடுகிறது.

ஆபத்து இரண்டு: ரூட் அதிகாரம் பறிபோதல்

முதல் ஆபத்தில் தகவல் கசிகிறது. இரண்டாவதில் கணினியே கைமாறுகிறது. 2013-ல் சிவிஇ-2013-2094 என்ற எண்ணில் பதிவான பிழை அதற்குச் சான்று. பயனர் அனுப்பும் 64 பிட் நிகழ்வு எண்ணைக் கர்னல் 32 பிட் குறியுள்ள மாறியில் வாங்கியது. மேல் எல்லையைச் சரிபார்த்தது, எதிர்ம எண்ணைச் சரிபார்க்கவில்லை. அந்த இடைவெளி வழியாகச் சாதாரணப் பயனர் கர்னல் நினைவகத்தில் கைவைத்து, முழு அதிகாரம் கொண்ட ரூட் ஆக முடிந்தது.

திருத்தமோ மாறியின் வகையை மாற்றும் அளவுக்குச் சிறியது. ஏப்ரலிலேயே கர்னலில் சேர்ந்துவிட்டது. பலருக்கு அதன் தீவிரம் உறைத்தது, மே மாதம் தாக்குதல் நிரல் வெளியில் சுற்றத் தொடங்கிய பிறகுதான். திருத்தம் வெளிவருவதும் நம் கணினியில் ஏறுவதும் வெவ்வேறு நாட்கள்; அந்த இடைவெளிதான் தாக்குபவருக்கு வாய்ப்பு. பெர்ஃப் பகுதியில் 2020-லும் 2023-லும்கூட நினைவகப் பிழைகள் பதிவாகித் திருத்தப்பட்டன.

செய்ய வேண்டியவை

முதலில், கர்னல் அப்டேட். அப்டேட் போட்டுவிட்டு ரீபூட் செய்யாமல் விட்டால், ரீபூட் இல்லாமலே திருத்தும் லைவ்பேட்ச் வசதி இல்லாத கணினியில் பழைய கர்னல்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஓடும் பதிப்பு எது என்று பார்த்து உறுதிசெய்யுங்கள்.

அடுத்து, ‘பெர்ஃப் ஈவென்ட் பாரனாய்டு’ என்ற கர்னல் அமைப்பு. அதன் மதிப்பு 1 என்றால் சாதாரணப் பயனர் தம் நிரல் ஓடும்போது கர்னலுக்குள் நடப்பதையும் அளக்கலாம். 2 என்றால் தம் நிரலின் பயனர் பகுதியை மட்டும் அளக்கலாம். 2016-ல் வந்த 4.6 பதிப்பு முதல் 2-தான் இயல்பு மதிப்பு. ஆனால் 2 என்பது பார்வையைக் குறுக்குகிறதே தவிர, கதவை மூடுவதில்லை. டெபியன் தன் கர்னலில் 3 என்ற மதிப்பைச் சேர்த்து, சிறப்பு அதிகாரம் இல்லாதவர்களுக்கு வழியையே அடைத்தது. உபுண்டுவில் இதே வேலையை 4 செய்கிறது. மாற்றிய மதிப்பை சிஸ்கண்ட்ரோல் கோப்பில் எழுதிவைக்காவிட்டால் ரீபூட்டில் போய்விடும். ஆர்டிபிஎம்சிக்கும் தனி அமைப்பு உண்டு. அதில் 0 போட்டால் நேரடி வாசிப்பு நின்றுவிடும்.

எல்லாவற்றையும் பூட்டினால் வேகத்தை ஆராயும் மாணவர் என்ன செய்வார்? அவருக்கு ரூட் கொடுக்க வேண்டியதில்லை. 2020-ல் வந்த 5.8 பதிப்பிலிருந்து, அளக்கும் வேலைக்கு மட்டுமான ‘கேப் பெர்ஃப்மான்’ என்ற அதிகாரம் இருக்கிறது. வேண்டியவருக்கு அதை மட்டும் கொடுக்கலாம்.

உங்கள் உரிமைகள்

லினக்ஸ் கர்னல் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமத்தில் வருகிறது. ஆகவே அது உள்ள ஃபோனோ ரவுட்டரோ வாங்கியவர், அந்தக் கர்னலின் மூலநிரலைத் தரும்படி விநியோகித்தவரைக் கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சைபர் தாங்குதிறன் சட்டத்தின் முதன்மைக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் பொருந்தும். பாதுகாப்பு அப்டேட் தருவது அதன்படி தயாரிப்பாளரின் கடமையாகிறது.

இந்தியாவில் அனுமதியின்றி ஒருவர் கணினிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43, 66 பிரிவுகளின் கீழ் வருகிறது. இழப்பீடு கேட்கலாம், குற்றப் புகாரும் தரலாம். சர்வர் நடத்தும் நிறுவனங்கள் தங்களிடம் நிகழும் ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு.

பகிர்வு சர்வரில் கணக்கு வைத்திருக்கும் எவரும் நிர்வாகியிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம்: ஓடும் கர்னல் எது, கடைசியாக ரீபூட் செய்தது எப்போது, எண்ணிகளைப் படிக்க யாருக்கு அனுமதி? பதில் எழுத்தில் கிடைத்தால், பின்னால் புகார் கொடுக்க நேரும்போது அதுவே ஆதாரமாகும்.