கையெழுத்துக்கு விலை உண்டா?

(இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் இயற்பியல் மாணவன்)

கையெழுத்து! பள்ளி நாட்களில் "உன் கையெழுத்தைத் திருத்து" என்று ஆசிரியர் சொன்னால் நமக்கு எவ்வளவு அலுப்பு வந்தது! அதே கையெழுத்து ஒரு நடிகருடையதாகவோ விளையாட்டு வீரருடையதாகவோ இருந்துவிட்டால், கூட்டத்தில் முண்டியடித்துச் சட்டை கிழிந்தாலும் பரவாயில்லை என்று நிற்கிறோம். முண்டியடித்துப் பெறுவது ஒரு வகை. காசு கொடுத்து வாங்குவது மற்றொரு வகை. அந்த இரண்டாம் வகையைப் பற்றியதே இக்கட்டுரை. புகழ்பெற்றோரின் கையெழுத்தை விலைக்கு வாங்கிச் சேர்ப்பது தகுமா? கொடுத்த காசுக்கு அது பெறுமா?

இந்த வினா என் மனத்தில் எழக் காரணமானவர் என் பெரியம்மா மகன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். சென்ற பொங்கலுக்கு வந்தபோது துணியில் சுற்றிய ஒரு கண்ணாடிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு கிரிக்கெட் வீரரின் வண்ணப்படம். அதன்மேல் கறுப்பு மையில் கையெழுத்து. அடியில் "உண்மையானது" என்று ஒரு சான்றிதழ். செல்பேசியில் வந்த விளம்பரத்தைப் பார்த்து 4,500 ரூபாய்க்கு வாங்கியிருந்தார்.

"பத்து வருசம் கழிச்சு இதை வித்தா லட்சக்கணக்கில போகுமாம். பாப்பா காலேஜுக்கு ஆகும். நீ சயின்ஸ் படிக்கிறியே தம்பி, பார்த்துச் சொல்லு" என்றார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே மின்விசிறி ஓடாவிட்டாலும் என்னைத்தான் கேட்பார்கள். கையெழுத்து மெய்யா பொய்யா என்றாலும் என்னைத்தான் கேட்பார்கள். எனக்கு உடனே விடை தெரியவில்லை. "காலேஜுக்கு எடுத்துட்டுப் போய்ப் பார்த்துச் சொல்றேன் அண்ணே" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். பிறகு படித்தும் பார்த்தும் அறிந்தவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

விலை எதனால் வருகிறது?

புகழ் பெருகப் பெருகக் கையெழுத்தின் விலையும் பெருகும் என்றே நாம் நினைக்கிறோம். உண்மை அதுவன்று. அமெரிக்க விடுதலைச் சாசனத்தில் 1776-ஆம் ஆண்டு ஒப்பமிட்டவர்களுள் பட்டன் குவின்னெட் என்பவர் ஒருவர். அவர் பெயரை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்? ஆனால் 2010-இல் அவருடைய கையெழுத்து ஒன்று நியூயார்க்கில் 7,22,500 டாலருக்கு ஏலம் போயிற்று. காரணம் எளிது. ஒப்பமிட்ட மறு ஆண்டே அவர் ஒரு துப்பாக்கிச் சண்டையில் மாண்டார். அவர் கைப்பட எழுதியவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ ஐம்பதே. ஜார்ஜ் வாஷிங்டனோ உலகறிந்தவர். ஆனால் அவர் கையெழுத்திட்ட கடிதங்களும் ஆணைகளும் ஏராளமாக இருக்கின்றன. எனவே புகழில் பெரியவரின் சாதாரணக் கையெழுத்தைவிட, அருமையாகக் கிடைப்பவரின் கையெழுத்தே கூடுதல் விலை பெறுகிறது.

அருமைக்கு அடுத்தது வரலாறு. 1922-இல் ஐன்ஸ்டீன் ஜப்பான் சென்றிருந்தார். டோக்கியோவில் அவர் தங்கிய விடுதிக்குச் செய்தி கொண்டுவந்த ஊழியருக்கு அன்பளிப்புக் காசு தருவதற்குப் பதிலாக, அமைதியான எளிய வாழ்வே மகிழ்ச்சி தரும் என்னும் பொருளில் விடுதித் தாளில் எழுதி ஒப்பமிட்டுக் கொடுத்தார். அந்தத் துண்டுத் தாள் 2017-இல் ஜெருசலேமில் 15 லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போயிற்று. வெறும் கையெழுத்துக்கு அந்த விலை வந்திருக்காது. எங்கே, எப்போது, யாருக்கு, ஏன் எழுதப்பட்டது என்ற கதை தாளோடு சேர்ந்தே வந்தது. அந்தக் கதைக்குத்தான் விலை.

இன்னொரு சான்று நம் அறிவியல் மாணவர்கள் நெஞ்சைத் தொடும். 1969-இல் நிலவுக்குப் புறப்படுமுன் அப்பல்லோ 11 வீரர்கள் மூவரும் அஞ்சல் உறைகள் பலவற்றில் கையெழுத்திட்டுத் தம் குடும்பத்தாருக்கென விட்டுச் சென்றனர். அவர்களைப் போன்றோர்க்கு ஆயுள் காப்பீட்டுக் கட்டணம் எட்டாத உயரத்தில் இருந்தது. தாம் திரும்பாவிட்டால் அந்த உறைகளை விற்றுக் குடும்பம் பிழைக்கட்டும் என்பது எண்ணம். அவர்கள் நலமாகத் திரும்பினர். உறைகளை அதற்காக விற்க நேரவில்லை. கையெழுத்தும் ஒரு செல்வம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அப்படியானால் என் அண்ணன் செய்ததும் சரிதானே என்று நண்பர்கள் கேட்கலாம். சற்றுப் பொறுங்கள்.

போலிகள் புகும் வழி

எங்கே விலை உண்டோ அங்கே போலியும் உண்டு. 1990-களில் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை போலிக் கையெழுத்துக் கும்பல்களைப் பிடிக்கப் பெரியதொரு நடவடிக்கையில் இறங்கியது. அதில் அகப்பட்ட பொருள்களுள் அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லி விற்கப்பட்ட பேஸ்பால் பந்துகளும் இருந்தன! கொல்கத்தாவில் நோயாளிகளுக்குத் தொண்டு செய்த அம்மையாருக்கும் அமெரிக்கப் பந்தாட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று வாங்கியவர் ஒரு நொடி எண்ணிப் பார்த்திருந்தால் ஏமாந்திருக்க மாட்டார். ஆசை கண்ணை மறைத்தது.

ஏமாற்றுக்காரர்களை விடுங்கள், மதிப்புள்ள நிறுவனத்திடம் வாங்கினாலும் இடர் உண்டு. இலக்கிய நோபல் பரிசு பெற்ற பாடகர் பாப் டிலன் எழுதிய நூலின் 900 படிகள் 2022-இல் "கையெழுத்திட்ட பதிப்பு" என்று படி ஒன்றுக்கு 599 டாலருக்கு விற்கப்பட்டன. வாங்கியவர்கள் தம் படிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தனர். கையெழுத்துகள் இயந்திரம் இட்டவை என்று தெரிந்துவிட்டது. பதிப்பகம் பணத்தைத் திருப்பித் தந்தது. டிலனும் வருத்தம் தெரிவித்தார்.

கையெழுத்திடும் இயந்திரம் என்றால் என்ன? ஒருவருடைய கையெழுத்தின் வடிவத்தை ஒருமுறை பதிந்துகொண்டு, ஓர் இயந்திரக் கை உண்மையான பேனாவைப் பிடித்து அதை மீண்டும் மீண்டும் எழுதும். அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களே இதைப் பயன்படுத்துவது உண்டு. 2011-இல் ஒபாமா பிரான்சு நாட்டில் இருந்தபோது, வாஷிங்டனில் ஒரு சட்டத்தில் அவர் பெயரை இயந்திரமே ஒப்பமிட்டது. மை உண்மை, பேனா உண்மை. கை மட்டும் இல்லை.

இதைக் கண்டுபிடிக்கும் முறை நம் ஆய்வுக்கூடப் பாடத்தைப் போன்றது. ஒரே அளவீட்டைப் பத்து முறை எடுத்தால் பத்தும் சிறிதளவு மாறும் அல்லவா? மனிதர் கையெழுத்தும் அப்படியே. ஒருவர் இருமுறை ஒப்பமிட்டால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், ஒன்றாகவே இருக்காது. ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் இம்மியும் பிசகாமல் பொருந்துகிறதா? அங்கே ஐயம் கொள்ளுங்கள். மேலும், மனிதர் எழுதும்போது அழுத்தம் கூடும், குறையும். கோடு தடிக்கும், மெலியும். இயந்திரக் கோடு பெரும்பாலும் ஒரே சீராக ஓடும்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு படம்

எங்கள் விரிவுரையாளரிடம் அனுமதி பெற்று, அண்ணன் தந்த படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, நல்ல வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்தேன். பேனாவால் எழுதிய கோடு தொடர்ச்சியாக இருக்கும். தாளின்மேல் மை படிந்து ஒரு மினுமினுப்புத் தெரியும். இரு கோடுகள் குறுக்கிடும் இடத்தில் மை கூடுதலாக இருக்கும். நான் கண்டது அதுவன்று. கறுப்புக் கோடு என்று நாங்கள் நினைத்தது, நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நிறங்களில் நுண்புள்ளிகளின் கூட்டமாக இருந்தது. வீரரின் சட்டையிலும் அதே புள்ளிகள். பின்னணிப் புல்லிலும் அதே புள்ளிகள். அதாவது படத்தோடு சேர்த்துக் கையெழுத்தும் அச்சடிக்கப்பட்டிருந்தது.

ஒரு சோதனை போதாது என்பது எங்கள் துறையின் விதி. அண்ணனோடு அறையில் தங்கியிருப்பவரும் அதே படத்தை வாங்கியிருந்தார். அதை வரவழைத்து, கையெழுத்தை ஊடுருவித் தெரியும் தாளில் படியெடுத்து இதன்மேல் வைத்தேன். தலையிலிருந்து வால்வரை பொருந்தியது. சான்றிதழ் எண்களைப் பார்த்தோம். இரண்டிலும் ஒரே எண்! சான்றிதழ் என்பதும் ஒரு தாள்தான். அதைக் கொடுத்தவர் யார் என்று தெரியாவிட்டால் அதற்கே இன்னொரு சான்றிதழ் வேண்டும்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1858-இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, ஓர் ஒப்பந்தத்தில் உள்ளூர்க்காரர் ஒருவரின் கைப்பதிவை வாங்கினார். 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. கையெழுத்தைவிடக் கைரேகையே ஆளை உறுதியாகக் காட்டும் என்று அறிவியல் ஏற்றது. என் பாட்டிக்கு எழுதத் தெரியாது. நாள் முழுதும் உழைத்த பெருவிரலைத்தான் வைப்பார். அதைக் "கைநாட்டு" என்று உலகம் இளக்காரமாகப் பேசிற்று. இன்றோ படித்தவரும் ரேஷன் கடைக் கருவியில் விரலைத்தான் வைக்கிறார்கள். ஆக, விலை போகும் கையெழுத்து எளிதில் போலியாகும்; விலையில்லாக் கைநாட்டு அவ்வளவு எளிதில் போலியாகாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

சரி, படம் மெய்யானதாகவே இருந்திருந்தால்? அப்போதும் கணக்கு உதைக்கிறது. 4,500 ரூபாயை ஆண்டுக்கு 6 விழுக்காடு கூட்டு வட்டியில் போட்டால் 12 ஆண்டுகளில் ஏறத்தாழ 9,000 ஆகும். கையெழுத்து வட்டி ஈட்டாது. அதை விற்கப் புறப்பட்டால், நாம் வாங்கிய விலைக்கே வணிகர் எடுத்துக்கொள்ள மாட்டார். தம் இலாபத்தைக் கழித்தே கேட்பார். ஏலத்தில் விட்டால் ஏலக்காரருக்குத் தரகு உண்டு. சுவரில் மாட்டி வைத்தால் வெயிலின் புற ஊதாக் கதிர்கள் மையின் சாயத்தைச் சிதைத்து எழுத்தை வெளிறச் செய்யும். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்றைய வீரர்கள் ஆயிரக்கணக்கில் ஒப்பமிடுகிறார்கள். குவின்னெட்டுக்கு இருந்த அருமை இவர்களுக்கு எங்கிருந்து வரும்? இன்று புகழின் உச்சியில் இருப்பவரை முப்பது ஆண்டுகள் கழித்து எத்தனை பேர் நினைப்பார்கள் என்பதும் நமக்குத் தெரியாது.

விற்பனைக்காக வாங்குவோர் பெருகினால் கொடுப்பவர் மனமும் கசந்துவிடும். நிலவில் முதலில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங், கேட்டவர்க்கெல்லாம் கையெழுத்துத் தந்தவர். அவற்றைப் பலர் விற்றுக் காசாக்குவதை அறிந்து 1994 வாக்கில் நிறுத்திவிட்டார். அன்போடு கேட்ட சிறுவர்களுக்கும் கதவு மூடியது.

எப்போது தகும்?

அப்படியானால் கையெழுத்துக்குக் காசு கொடுப்பதே தவறா? தவறன்று. மூன்று இடங்களில் அது தகும் என்பது என் கருத்து.

ஒன்று, நம் கண்முன்னே கையெழுத்திடுபவருக்கு நேரே கொடுப்பது. மேலைநாடுகளில் விழாக்களில் நடிகர்கள் கட்டணம் பெற்று ஒப்பமிடுகிறார்கள். அங்கே ஐயத்துக்கு இடமில்லை. நாம் வாங்குவது அந்த ஒரு நிமிடச் சந்திப்பை. தாள் அதன் நினைவு. சினிமாச் சீட்டுக்குக் காசு கொடுத்தபின் திரும்பக் கேட்கிறோமா? அதுபோலத்தான்.

இரண்டு, பணம் நற்பணிக்குப் போவது. காந்தியடிகள் தம் கையெழுத்துக்கு ஐந்து ரூபாய் கேட்டு வாங்கி, தாழ்த்தப்பட்ட மக்களின் நலனுக்கான நிதியில் சேர்த்தார். அந்நாளில் ஐந்து ரூபாய் சிறிய தொகையன்று. கொடுத்தவர் கையில் தாள் மறைந்துபோனாலும் கொடுத்த பயன் மறையவில்லை.

மூன்று, அறிந்து சேர்ப்பவர் வாங்குவது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற வழி தெரிந்து, பிற கையெழுத்துகளோடு ஒப்பிட்டு, இழந்தாலும் வீடு கலங்காத பணத்தில் வாங்குபவர் வாங்கட்டும். அவருக்கு அது ஒரு கல்வி.

பிள்ளையின் படிப்புக்கென்று வாங்குவது மட்டும் ஒருபோதும் தகாது.

முடிவாக

உண்மை தெரிந்தது; அதை அண்ணனிடம் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. இரவு பகலாக நின்று உழைத்துச் சேர்த்த பணம். சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அடுத்த மாதம் இன்னொரு படம் வாங்கப் போவதாக அவர் தொலைபேசியில் சொன்னார். அதன்பின் மறைக்க மனம் வரவில்லை. லென்சையே கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். நெடுநேரம் பார்த்தார்.

"புள்ளி புள்ளியாத்தான் இருக்கு தம்பி" என்றார். சற்று நேரம் கழித்து, "நல்லவேளை, இன்னொண்ணுக்குப் பணம் அனுப்பல" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மறுவாரம் இருவரும் அஞ்சலகம் சென்று பாப்பா பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்குத் தொடங்கினோம். ஆண்டுக்கு 250 ரூபாய் இருந்தாலும் போதும் என்று அங்கிருந்த அம்மையார் விளக்கினார். இரண்டாவது படத்துக்கென எடுத்து வைத்திருந்த பணத்தை அண்ணன் அதில் கட்டினார். படிவத்தில் ஒவ்வோர் எழுத்தாக, நிதானமாகத் தமிழில் ஒப்பமிட்டார். கைநடுக்கத்தில் ஓர் எழுத்து கோட்டுக்கு வெளியே போயிற்று.

அந்தக் கையெழுத்தை எந்த ஏலத்திலும் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பாப்பா கல்லூரி வாசலை மிதிக்கும்போது, அவளுக்குக் கைகொடுக்கப் போவது அதுதான்.